ஸ்ட்ராபெரி ஃபீல்ட்ஸின் முழு டேக் 26 எங்கே கிடைக்கும்?

பீட்டில்ஸின் வெளிவராத பதிவுகளைத் தொகுத்த ஆந்தாலஜி 2 ஆல்பத்தில் கேட்ட டேக் 7 (ஒரு பாட்டைப் பதிவு செய்யும் ஒவ்வொரு முயற்சியும் ஒரு டேக்) ரொம்ப மெதுவாக, வெறும் மெலோட்ரானும் (டேப்பில் பதிந்த ஒலிகளை இசைக்கும் கீபோர்டு) குழுவுமாக இருக்கிறது, டிரம்பெட் எல்லாம் எங்கே போயிற்று என்று கேட்டிருக்கிறீர்கள். அவை வேறு டேக்கில் இருக்கின்றன. பீட்டில்ஸ் 1966 கடைசியில் இந்தப் பாட்டை இரண்டு விதமாகப் பதிவு செய்தார்கள். லெனனுக்கு ஒன்றின் (டேக் 7) ஆரம்பமும் மற்றதன் (டேக் 26) மீதியும் பிடித்துப்போய், ஒட்டித் தரச் சொன்னார். இரண்டுக்கும் சுருதியும் வேறு, வேகமும் வேறு! தயாரிப்பாளர் ஜார்ஜ் மார்ட்டினும் ஒலிப்பதிவாளர் ஜெஃப் எமரிக்கும் டேப்பின் வேகத்தை மாற்றித்தான் பொருத்தினார்கள். வெளியான பாட்டில் சரியாக முதல் நிமிடம் முடிகிற இடத்தில் ஹெட்ஃபோனில் கவனியுங்கள்: குரல் கொஞ்சம் கனக்கும், செல்லோக்கள் உள்ளே வரும். அதுதான் ஒட்டு.

நீங்கள் தேடும் டேக் 26, 2017-இல் வந்த சார்ஜண்ட் பெப்பர் ஆல்பத்தின் ஐம்பதாம் ஆண்டுப் பதிப்பின் பெரிய தொகுப்பில் முழுசாக இருக்கிறது. வேகம் குறைக்காத பதிவு என்பதால் லெனன் குரல் மெலிந்து, அவசரமாகப் பாடுவதுபோல் இருக்கும். ஹாரிசன் வாசித்த ஸ்வர்மண்டல் என்ற இந்திய நரம்பிசைக் கருவியும் அதில்தான். எனக்கென்னவோ டேக் 7-தான் உசத்தி.

அப்புறம், பீட்டில்ஸின் 'கார்னிவல் ஆஃப் லைட்' பதிவின் கோப்பை ஒருவர் விலைக்குத் தருகிறார் என்றீர்களே, வாங்காதீர்கள். 1967 ஜனவரியில் பதிவான அந்தப் பதினாலு நிமிடச் சத்தக்கோலம் இன்றுவரை வெளிவரவில்லை. மெக்கார்ட்னி ஆந்தாலஜியில் சேர்க்க ஆசைப்பட்டும் நடக்கவில்லை. இணையத்தில் அந்தப் பெயரில் சுற்றுவதெல்லாம் யாரோ செய்த போலி.