'ரன்' என்றால் ஓடுவது மட்டும்தானா?

கேள்வி: திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதி நிறுவனத்தில் வேலை செய்கிறேன். லண்டன் பையர் அனுப்பிய ஒரே மின்னஞ்சலில் 'ரன்' என்ற சொல் நான்கு இடங்களில் நான்கு விதமாக வருகிறது. அகராதியைப் புரட்டினால் குழப்பம் கூடுகிறது. எப்படிப் பிரித்தறிவது?

பதில்: குழப்பம் நியாயமானதுதான். ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியின் திருத்திய பதிப்பு, வினைச்சொல்லாக மட்டும் 'ரன்'னுக்கு 645 பொருள்கள் தருகிறது. 1989-ஆம் ஆண்டுப் பதிப்பில் முதலிடத்தில் இருந்த 'செட்' இப்போது பின்னால் போய்விட்டது. எதையும் மனப்பாடம் செய்ய வேண்டாம். எழுவாய் எது, 'ரன்'னை அடுத்து வரும் சொல் எது என்று பாருங்கள். பெரும்பாலும் பொருள் பிடிபட்டுவிடும்.

உங்கள் மின்னஞ்சலையே எடுத்துக்கொள்வோம். 'த ரெட் ரன்ஸ்' என்றால், துவைத்ததும் சிவப்புச் சாயம் கரைந்து பக்கத்துத் துணியில் ஏறுகிறது என்று பொருள். இது புகார். இன்றைக்கே சாயப்பட்டறையில் பேசிவிடுங்கள். 'த மீடியம் ரன்ஸ் ஸ்மால்' என்பதும் புகார்தான்: லேபிளில் உள்ள அளவைவிடச் சட்டை சிறிதாக இருக்கிறது. 'ஃபர்ஸ்ட் ரன்' என்று வரும் இடத்தில் அது பெயர்ச்சொல். ஒரே மூச்சில் தயாராகும் முதல் உற்பத்தி. 'ரன் த நியூ லேபிள் பை மீ' என்பதில்தான் பலர் தடுமாறுகிறார்கள். லேபிளை அச்சிடச் சொல்லவில்லை. முதலில் என்னிடம் காட்டிக் கருத்துக் கேளுங்கள் என்கிறார்.

தமிழும் பல இடங்களில் கைகொடுக்கும். பஸ் ஓடுகிறது, மோட்டார் ஓடுகிறது, படம் நூறு நாள் ஓடியது: மூன்றுக்கும் ஆங்கிலத்தில் 'ரன்'தான். ஆனால் ஆங்கிலத்தில் நிறுவனத்தையும் 'ரன்' செய்வார்கள், நாம் நடத்துகிறோம். மூக்கு 'ரன்' ஆனால் நமக்கு ஒழுகுகிறது. அமெரிக்கர் தேர்தலில் 'ரன்' செய்தால் போட்டியிடுகிறார். பிரிட்டனில் அதற்கு 'ஸ்டாண்ட்' என்பார்கள்.

பதில் எழுதும்போது 'ரன் அவுட்'டில் கவனம் தேவை. நூல் எழுவாயானால் 'த யார்ன் ஹேஸ் ரன் அவுட்' என்று நிறுத்துங்கள். 'வீ' எழுவாயானால் 'ஆஃப்' (of) கட்டாயம்: 'வீ ஹேவ் ரன் அவுட் ஆஃப் யார்ன்'. 'ஆஃப்' விடுபட்டால் வாக்கியம் பிழையாகிவிடும். இறந்தகாலம் 'ரேன்'. ஆனால் 'ஹேவ்', 'ஹேஸ்' இரண்டுக்கும் பின்னால் மீண்டும் 'ரன்' என்றே எழுத வேண்டும். 'ஹேவ் ரேன்' பிழை.