கோப்பையும் கோழியும்

வணக்கம் சார்,

இங்கிலாந்துக் கால்பந்து கிளப்பான நியூகாசில் யுனைடெட்டை சவுதி அரசின் முதலீட்டு நிதியம் வாங்கியதைப் பற்றிக் கசப்போடு எழுதியிருந்தீர்கள். எனக்கு ஒப்பவில்லை. 1955க்குப் பிறகு உள்நாட்டுக் கோப்பை ஒன்றைக்கூடப் பார்க்காத ஊர் அது. 2025 மார்ச்சில் லிவர்பூலை வென்று லீக் கோப்பையைத் தூக்கினார்கள். அந்த ரசிகனிடம் போய் ‘இது தப்பான பணம்’ என்று சொல்ல நாம் யார்? கிளப் ஒரு கம்பெனி. காசு உள்ளவன் வாங்குகிறான். பிடிக்காதவன் வேறு கிளப்பைப் பார்த்துக்கொள்ளட்டும்.

இன்னொன்று. இன்னொரு இங்கிலாந்து கிளப்பான பிளாக்பர்ன் ரோவர்ஸை நம் புனே கோழி நிறுவனம் வெங்கீஸ் வாங்கியதற்கு அங்கே எவ்வளவு வெறுப்பு! வருடா வருடம் பணத்தைக் கொட்டியும் திட்டுதான் மிச்சம். வாங்கியவர்கள் இந்தியர்கள் என்பதுதானே காரணம்?

கே.ஆர்., திருப்பூர்

*

அன்புள்ள கே.ஆர்.,

கடைசிக் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். மற்றதற்கும் பதில் பிளாக்பர்னிலேயே கிடைக்கிறது.

உங்கள் ஊரைப் போலவே பருத்தியால் வளர்ந்த ஊர் அது. பிறகு ஆலைகள் மூடிவிட்டன. மக்கள்தொகை ஒரு லட்சத்தைச் சுற்றித்தான். ஆனால் 1888இல் இங்கிலாந்தில் கால்பந்து லீக் தொடங்கியபோது இருந்த 12 கிளப்புகளில் ரோவர்ஸும் ஒன்று. 1991இல் ஜாக் வாக்கர் அதைக் கையில் எடுத்தார். உள்ளூர்க்காரர், உருக்கு வியாபாரத்தில் பெரும் பணம் பார்த்தவர். கிளப் அப்போது இரண்டாம் நிலை லீக்கில் கிடந்தது. மேனேஜராக, அதாவது அணியை நடத்தும் தலைமைப் பயிற்சியாளராக, கென்னி டால்கிளிஷைக் கொண்டுவந்தார். அன்றைய பிரிட்டிஷ் சாதனை விலைக்கு ஆலன் ஷியரர் என்ற வீரரை வாங்கினார். மைதானத்தையே இடித்துக் கட்டினார். 1995இல் முதல் நிலை லீக்கான பிரீமியர் லீக்கின் கோப்பை பிளாக்பர்னுக்கு வந்தது. கடைசி நாளில் லிவர்பூலிடம் தோற்றும் கோப்பை கிடைத்தது, ஏனென்றால் மான்செஸ்டர் யுனைடெட் வெஸ்ட் ஹாமைத் தாண்ட முடியவில்லை. காசு கொடுத்து வாங்கிய கோப்பை என்று மற்ற ஊர்க்காரர்கள் அப்போதும் சொன்னார்கள். பிளாக்பர்ன்காரர்கள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அவர்களுக்கு வாக்கர் நம்ம ஆள்.

ஆக, பணக்கார முதலாளி என்றாலே அந்த ஊருக்கு ஆகாது என்பதில்லை. வாக்கருக்கு அங்கே சிலையே இருக்கிறது.

2000இல் அவர் இறந்தார். அவருடைய குடும்ப அறக்கட்டளை கொஞ்ச காலம் தாங்கிப் பிடித்தது, அப்புறம் ஆள் தேட ஆரம்பித்தது. எனக்கு இந்த இடம்தான் முக்கியம். வாக்கர் நல்லவர், கொடுத்தார். ஆனால் அவர் விட்டுப்போனது ஒருவர் பையிலிருந்து மட்டுமே மூச்சு விடத் தெரிந்த ஒரு கிளப். அந்தப் பை மூடியதும் இன்னொரு பை வேண்டியிருந்தது. 2010 நவம்பரில், சுமார் 2.3 கோடி பவுண்டுக்கு, புனேயிலிருந்து அது வந்தது.

வெங்கீஸ் வந்த அடுத்த மாதமே மேனேஜர் சாம் அலர்டைஸை அனுப்பிவிட்டார்கள். அணி அப்போது பட்டியலின் நடுவில் பத்திரமாகத்தான் இருந்தது. மேனேஜராக இருந்த அனுபவமே இல்லாத துணைப் பயிற்சியாளர் ஸ்டீவ் கீனிடம் பொறுப்பைக் கொடுத்தார்கள். பிரேசில் நட்சத்திரம் ரொனால்டினியோ வருவார் என்றெல்லாம் பேச்சு அடிபட்டது. வந்தது என்னவோ, வீரர்கள் டிரெஸ்ஸிங் ரூமில் உட்கார்ந்து கோழிக்கால் கடிக்கும் விளம்பரம். 2012 மே மாதம் விகான் அணியிடம் சொந்த மைதானத்தில் தோற்று இரண்டாம் நிலைக்கு இறங்கினார்கள். அன்று கிளப் கொடியைப் போர்த்திய ஒரு கோழியை ரசிகர்கள் மைதானத்துக்குள் விட்டார்கள். 2017இல் மூன்றாம் நிலைக்கே போனார்கள், அதுவும் கோல் வித்தியாசத்தில். பிரீமியர் லீக்கை வென்ற அணி ஒன்று அவ்வளவு கீழே போனது அதுதான் முதல் தடவை. அடுத்த வருடமே மேலே ஏறிவிட்டார்கள், இரண்டாம் நிலைக்கு. அத்தோடு சரி.

பணம் கொட்டினார்கள் என்பது உண்மைதான். 20 கோடி பவுண்டுக்கு மேல் போட்டிருக்கிறார்கள். அந்தப் பணம் இல்லாவிட்டால் கிளப் எப்போதோ திவாலாகியிருக்கும். ஆனால் பிற்பாடு நடந்ததைப் பாருங்கள். இந்தியாவில் வெங்கீஸ்மீது அமலாக்கத் துறை விசாரணை வந்தது. கிளப்புக்குப் பணம் அனுப்ப டெல்லி உயர் நீதிமன்றத்தில் அனுமதி கேட்க வேண்டிய நிலை. பிளாக்பர்ன் இருக்கும் லங்காஷயரில் சீசன் டிக்கெட் வைத்திருப்பவர், ஜனவரியில் ஒரு வீரரை வாங்க முடியுமா என்று தெரிந்துகொள்ள டெல்லியில் வழக்கு எந்தத் தேதிக்கு ஒத்திவைக்கப்பட்டது என்று பார்க்க வேண்டியிருந்தது. 2024 தொடக்கத்தில், உள்ளூரிலேயே வளர்ந்த ஆடம் வார்ட்டனை கிரிஸ்டல் பேலஸுக்கு விற்றார்கள். கோபம் வராமல் என்ன செய்யும்?

கூட்டத்தில் நிறம் பார்த்துத் திட்டியவர்கள் இல்லாமல் இருந்திருக்கமாட்டார்கள். ஆனால் அதுதான் காரணம் என்று சொல்ல முடியாது. மான்செஸ்டர் யுனைடெட் ரசிகர்கள் இருபது வருடமாகத் திட்டும் கிளேஸர் குடும்பம் அமெரிக்க வெள்ளையர்கள். 2005இல் கடன் வாங்கிக் கிளப்பை வாங்கி, அந்தக் கடனைக் கிளப் தலையிலேயே கட்டியவர்கள். நியூகாசிலை 14 வருடம் வைத்திருந்த மைக் ஆஷ்லி ஆங்கிலேயர். அதன் மைதானமான செயின்ட் ஜேம்ஸ் பார்க்குக்குத் தன் கடையின் பெயரை வைத்தவர். அவர் வாங்காத திட்டா?

அடுத்து, பிடிக்காவிட்டால் வேறு கிளப் பார்த்துக்கொள்வது. உங்களாலும் என்னாலும் முடியும், நாம் ரிமோட் வைத்திருப்பவர்கள். (நம்மைப் போல உலகம் முழுக்க டிவி பார்ப்பவர்களால்தான் இந்தக் கிளப்புகளுக்கு இவ்வளவு விலை. முதலாளிகளைத் திட்டும்போது இதையும் நினைத்துக்கொள்வது நல்லது.) ஊர்க்காரரால் முடியுமா? லண்டனின் விம்பிள்டன் கால்பந்து கிளப்பை 100 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவாக உள்ள மில்டன் கீன்ஸுக்குக் கொண்டுபோக 2002இல் அனுமதி கொடுத்தார்கள். ரசிகர்கள் செல்சியைப் பார்க்கப் போகவில்லை. பொதுவெளியில் ஆள் தேர்வு வைத்துப் புதிய கிளப் தொடங்கி, ஒன்பதாம் நிலை லீக்கிலிருந்து ஏறி, 2011இல் நான்காம் நிலைக்கு வந்தார்கள். 2020இல், பழைய மைதானம் இருந்த பிளவ் லேன் தெருவிலேயே புது மைதானத்துக்குத் திரும்பினார்கள். இன்றும் அது ரசிகர்களின் கிளப். கம்பெனியின் வாடிக்கையாளர் எவரும் இதைச் செய்து நான் பார்த்ததில்லை.

நியூகாசில் கோப்பையை நான் குறை சொல்லவில்லை. எழுபது வருடம் காத்திருந்தவர்கள், கொண்டாடட்டும். என் சங்கடம் வேறு. 2021 அக்டோபரில் நிதியம் 80 சதவீதப் பங்கை வாங்கிய அன்று மைதானத்துக்கு வெளியே சிலர் தலையில் அரபுத் துணி கட்டிக்கொண்டு ஆடினார்கள். சவுதி அரசின் ஆட்கள் பத்திரிகையாளர் கஷோகியைக் கொன்று மூன்றே வருடம். அதுவரை கோல்கீப்பரைப் பற்றிச் சண்டை போட்டுக்கொண்டிருந்தவர் திடீரென்று ரியாத்துக்கு வக்காலத்து வாங்க வேண்டியதாயிற்று. கேட்டு வாங்கிய வேலை இல்லை அது. முதலாளியோடு சேர்ந்து வந்தது.

வேல்ஸின் கார்டிஃப் கிளப்பில் இன்னும் வேடிக்கை. மலேசியத் தொழிலதிபர் வின்சென்ட் டான் 2012இல் நீல ஜெர்ஸியைச் சிவப்பாக்கினார். சிவப்பிலேயே அணி பிரீமியர் லீக்குக்கு ஏறியது. நீலப் பறவைகள் என்று பெயர் வைத்திருந்த ரசிகர்கள் மகிழ்வதா அழுவதா என்று தெரியாமல் நின்றார்கள். 2015இல்தான் நீலம் திரும்பியது.

ரசிகர்களிடமே கொடுத்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் நான் நினைக்கவில்லை. பார்சிலோனா உறுப்பினர்களின் கிளப்தான். கடனில் மூழ்கி 2021இல் மெஸ்ஸியை விட்டது. போர்ட்ஸ்மத்தை 2013இல் ரசிகர்கள் மீட்டார்கள், நான்கு வருடத்தில் தாங்களே வாக்களித்து அமெரிக்கர் மைக்கேல் ஐஸ்னருக்கு விற்றார்கள். அதில் தவறில்லை. விற்பதா, யாருக்கு என்று அவர்கள்தான் முடிவு செய்தார்கள். பிளாக்பர்னில் அப்படி யாரும் யாரையும் கேட்கவில்லை.

இங்கிலாந்தில் 2025இல் புதுச் சட்டம் வந்திருக்கிறது. ரசிகர்களைக் கேட்காமல் சின்னத்தையோ ஜெர்ஸி நிறத்தையோ மாற்ற முடியாது. மைதானத்தை நினைத்தபடி விற்க முடியாது. மேனேஜரை அனுப்புவதைப் பற்றி அது வாய் திறக்காது, திறக்கவும் கூடாது. ஆனால் கிளப்புக்குப் பணம் எங்கிருந்து வரும், வராவிட்டால் என்ன செய்வீர்கள் என்று முதலாளியிடம் திட்டம் கேட்க ஒரு சுதந்திர அமைப்பு உண்டு. பிளாக்பர்ன் அந்தத் தாளில் என்ன எழுதிக் கொடுக்கும் என்று பார்க்க ஆவலாக இருக்கிறேன்.