கல்லும் டைல்ஸும்: வாசகர் கேள்விகள்

கேள்வி: புது வீட்டில் சமையல் மேடைக்கு வெள்ளை மார்பிள் போட ஆசை. வீட்டுக்காரர் கிரானைட்தான் என்று பிடிவாதமாக இருக்கிறார். யார் சொல்வது சரி?
வாசகி, கும்பகோணம்

பதில்: சமையல் மேடை என்றால் அவர் சொல்வதுதான் சரி. மார்பிள் என்பது பூமிக்குள் சூட்டிலும் அழுத்தத்திலும் உருமாறிய சுண்ணாம்புக் கல், அதனால் புளி, எலுமிச்சை, தக்காளி எது சிந்தினாலும் அந்த இடத்தை அரித்துப் பளபளப்பை எடுத்துவிடும். கறை என்று நினைத்துத் தேய்ப்பார்கள், போகாது. மறுபடி பாலிஷ் போட்டால்தான் உண்டு. பழைய வீடுகளில் கடப்பா கல் மேடையைப் பார்த்திருப்பீர்களே, புளி கரைத்த கிண்ணம் இருந்த இடம் வட்டமாக வெளுத்துக் கிடக்கும். கடப்பாவும் சுண்ணாம்புக் கல்தான், தரைக்குப் போடும் கோட்டா கல்லும் அப்படியே.

கடையில் ஒரு துண்டுக் கல் கேட்டு வாங்கி, இரண்டு சொட்டு எலுமிச்சைச் சாறு விட்டுப் பத்து நிமிடம் கழித்துத் துடைத்து, வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். மங்கினால் அந்தக் கல் மேடைக்கு வேண்டாம். பக்கத்திலேயே ஒரு சொட்டுத் தண்ணீரும் விடுங்கள், கிரானைட்டாகவே இருந்தாலும் அந்த இடம் கறுத்தால் எண்ணெயையும் குடிக்கும் என்று அர்த்தம். வெளிர் நிறக் கல்லில் இது அதிகம். கல்லின் நுண்துளைகளை அடைக்கும் சீலர் பூசிக்கொண்டால் போதும். மார்பிள் ஆசையை விட வேண்டாம், பூஜை அறையில் போடுங்கள், ஆனால் விளக்குக்கு அடியில் தாம்பாளம் அவசியம், எண்ணெயும் குங்குமமும் இறங்கினால் எடுப்பது பெரும்பாடு.

கேள்வி: போர்வெல் தண்ணீரால் பாத்ரூம் டைல்ஸில் உப்பு வெள்ளையாகப் படிகிறது. ஆசிட் ஊற்றலாமா? சுவர் டைல்ஸ் மிச்சம் இருக்கிறது, அதைத் தரைக்குப் போடலாமா?
வாசகர், ராமநாதபுரம்

பதில்: ஆசிட் வேண்டவே வேண்டாம். டைல்ஸ் தாங்கினாலும் இடையில் இருக்கும் சிமெண்ட் கிரௌட்டைத் தின்றுவிடும், அப்புறம் அந்த இடுக்கு வழியாகத் தண்ணீர் இறங்கிக் கீழ்த்தளத்துக் கூரையில் ஈரம் காட்டும். பிளீச்சிங் பவுடர் போட்ட இடத்தில் ஆசிட் பட்டால் குளோரின் வாயு கிளம்பும், மூடிய பாத்ரூமில் அது உயிருக்கே ஆபத்து. முதலில் தரையை நன்றாக நனைத்துவிட்டு, வினிகரில் பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்து, ஐந்து நிமிடம் வைத்து, நைலான் பிரஷ்ஷால் தேய்த்து நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். இது செராமிக்குக்கு மட்டும், கல் தரைக்கு வினிகரே கூடாது. தினமும் குளித்து முடித்ததும் வைப்பரால் தண்ணீரைத் தள்ளிவிட்டால் உப்பு படிவது நன்றாகக் குறையும்.

சுவர் டைல்ஸைத் தரைக்குப் போடாதீர்கள். அது 10 சதவீதத்துக்கு மேல் தண்ணீர் உறிஞ்சும் மெல்லிய ரகம், ஈரத்தில் வழுக்கும், பக்கெட் விழுந்தால் உடையும். தரைக்கான கெட்டி ரகமான விட்ரிஃபைடு டைல்ஸ் 0.5 சதவீதத்துக்கு மேல் உறிஞ்சாது, அதில் சொரசொரப்பானதாகப் பார்த்து வாங்குங்கள். எல்லாப் பெட்டியிலும் நிறத்தைக் குறிக்கும் ஷேட் நம்பர் ஒன்றாக இருக்கிறதா என்று பார்த்து, ஒரு பெட்டி கூடுதலாக எடுத்துப் பரணில் வையுங்கள்; இரண்டு வருஷம் கழித்து ஒன்று உடைந்தால் அதே நிறம் கடையில் கிடைக்காது.