ஏழு பிராணிகள், 1,84,000 ரூபாய் நிலுவை: எட்டாவதுக்கு இடம் இருக்கிறதா?

கேள்வி (நீண்ட கடிதத்தின் சுருக்கம்): பெரம்பூரில் சொந்த அடுக்குமாடி வீட்டில் இருக்கிறோம். கணவர் அம்பத்தூரில் ஒரு நிறுவனத்திலும் நான் தனியார் பள்ளி ஒன்றிலும் வேலை பார்க்கிறோம். இருவருக்கும் சேர்த்துக் கைக்கு வருவது 78,000 ரூபாய். வீட்டில் மூன்று நாய்களும் நான்கு பூனைகளும் இருக்கின்றன. 2015 டிசம்பர் வெள்ளத்தில் எங்கள் மாடிப்படியில் வந்து ஒதுங்கிய குட்டிதான் முதல் நாய். இன்றும் பலத்த மழை பெய்தால் அது மூன்றாம் மாடிப் படியில் போய் உட்கார்ந்துகொள்ளும். லேப்ரடாரை என் கொழுந்தனார் பெங்களூருக்கு மாற்றலாகிப் போனபோது "ஆறே மாதம், அண்ணி" என்று விட்டுச் சென்றார். மூன்று ஆண்டுகள் ஆகிவிட்டன. பொமரேனியன், சித்தி மகள் கொரோனா ஊரடங்கில் வாங்கிப் பிறகு எங்களிடம் கொடுத்தது. பூனை ஒன்றுதான் வந்தது, மற்ற மூன்றும் அதன் குட்டிகள். இப்போது நாத்தனார் கோயம்புத்தூருக்குக் குடிபோவதால் தன் நாயையும் எங்களிடம் விடுவதாகச் சொல்கிறார். கிரெடிட் கார்டில் 1,84,000 ரூபாய் நிலுவை இருக்கிறது. தனிநபர் கடன் எடுத்து அதை அடைத்துவிட்டு, எல்லாவற்றுக்கும் காப்பீடு எடுக்கலாம் என்கிறாள் மகள். எதையும் தெருவில் விட எனக்கு மனமில்லை. எட்டு என்பது அதிகமா?

பதில்: உங்களுடன் வாழும் எந்த உயிரையும் தெருவில் விடும்படி நான் சொல்லப்போவதில்லை. வளர்த்த பிராணியைக் கைவிடுவது 1960ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டப்படி குற்றமும் ஆகும். தெருவில் விடச் சொல்வேனோ என்ற பயத்தை முதலில் விட்டுவிடுங்கள்.

நீங்கள் கடிதத்துடன் அனுப்பிய கார்டு அறிக்கையில், குறைந்தபட்சத் தொகை 9,200 ரூபாய் என்ற வரியை மட்டும் பச்சை மையில் வட்டமிட்டிருக்கிறீர்கள். அதற்கு நேர் மேலே மொத்த நிலுவை என்ற வரி இருக்கிறது. அதன் அருகில் பேனா போகவே இல்லை. மாதாமாதம் அந்த வட்டத்துக்குள் இருக்கும் தொகையை மட்டும் கட்டுவதால் கணக்கு ஒழுங்காக இருக்கிறது என்று நம்பியிருக்கிறீர்கள். உங்கள் கார்டின் வட்டி மாதம் 3.5 சதவீதம். 1,84,000 ரூபாய்க்கு அது ஏறக்குறைய 6,440 ரூபாய். அந்த வட்டியின் மேல் 18 சதவீத ஜிஎஸ்டியும் சேர்ந்தால் 7,600 ரூபாய். ஆக, 9,200 கட்டினால் அசலில் குறைவது 1,600 ரூபாய்தான். ஜிஎஸ்டி சேர்ந்த மாத வட்டியே உங்கள் லேப்ரடாரின் மாதச் சாப்பாட்டுச் செலவைவிட 1,600 ரூபாய் கூடுதல்.

இதைவிடப் பெரிய ஓட்டை ஒன்று இருக்கிறது. நிலுவை வைத்திருக்கும் கார்டுக்கு வட்டியில்லாக் காலம் என்பது கிடையாது. நாய்த் தீவனப் பையை நீங்கள் கார்டில் வாங்கினால், வாங்கிய நாளிலிருந்தே அதற்கும் வட்டி ஓடத் தொடங்குகிறது. லேப்ரடாரின் உண்ணிக் காய்ச்சலுக்கு 28,000, ஆண் பூனையின் சிறுநீர் அடைப்புக்கு 35,000, வெள்ளத்தில் வந்த நாயின் கர்ப்பப்பையில் சீழ் கோத்து அறுவை செய்ததற்கு 40,000 என நீங்கள் குறிப்பிட்டிருக்கும் மூன்று பெரிய பில்களையும் கூட்டினால் 1,03,000 ரூபாய்தான் வருகிறது. மீதி 81,000, வட்டியும் வட்டியோடு வாங்கிய தீவனமுமாகச் சேர்ந்தது.

இனி மாதக் கணக்கைப் பார்ப்போம். லேப்ரடாருக்கு 6,000, மற்ற இரு நாய்களுக்கும் அரிசி, கோழிக்கால், ஈரல் எல்லாம் சேர்த்து 4,000, பூனைகளுக்கு 5,000, பூனை மணலுக்கு 1,500. தடுப்பூசி, உண்ணி மாத்திரை, குடற்புழு மருந்து ஆகியவற்றின் ஆண்டுச் செலவான 24,000 ரூபாயைப் பன்னிரண்டால் வகுத்தால் 2,000. மொத்தம் 18,500 ரூபாய், அதாவது வருமானத்தில் கிட்டத்தட்டக் கால் பங்கு. வீட்டுக் கடன் தவணை 24,000, குடும்பச் செலவு 25,000, மகளின் கட்டணம் 6,000 போக எஞ்சுவது 4,500 ரூபாய். கார்டுக்கோ 9,200 வேண்டும். துண்டு விழும் 4,700 ரூபாய்க்காக மறுபடியும் கார்டைத் தேய்க்கிறீர்கள்.

அந்த 4,700 ரூபாய் எங்கிருந்து வர வேண்டும் என்பது உங்களுக்கே தெரியும், கேட்கத்தான் தயக்கம். லேப்ரடார் உங்கள் கொழுந்தனாரின் நாய். மூன்று ஆண்டுகளாக அதன் சாப்பாட்டுக்கு மட்டும் நீங்கள் செலவழித்தது இரண்டு லட்சத்துக்கு மேல், உண்ணிக் காய்ச்சலுக்குக் கொடுத்தது தனி. பழைய பாக்கியைக் கேட்க வேண்டாம், அது மனஸ்தாபத்தில்தான் முடியும். இந்த மாதத்திலிருந்து தேதி தவறாமல் 7,000 ரூபாய் அனுப்ப வேண்டும், பெரிய வைத்தியம் வந்தால் அது அவர் பொறுப்பு என்று உங்கள் கணவர் தன் தம்பியிடம் பேசட்டும்; அண்ணி கேட்டதாக அந்தப் பேச்சு போகக் கூடாது. அவர் மறுத்தால், லேப்ரடாருக்கு நல்ல வீடு தேடும் வேலையையாவது அவர் ஏற்க வேண்டும். நல்ல பழக்கமுள்ள லேப்ரடாரை ஏற்க ஆள் கிடைக்கும். பத்து வயதைத் தாண்டிய தெருநாய்க்குக் கிடைப்பது அரிது, ஆகவே அது உங்களிடமே இருக்கட்டும்.

கார்டு நிலுவைக்குத் தனிநபர் கடன் வேண்டாம். லாக்கரில் எட்டுப் பவுன் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அதில் பாதியைக்கூட அடகு வைக்க வேண்டியிருக்காது. வங்கியில் ஆண்டுக்குச் சுமார் 10 சதவீத வட்டியில் நகைக் கடன் கிடைத்தால், 1,84,000 ரூபாய்க்கு முதல் மாத வட்டி ஏறக்குறைய 1,530 ரூபாய்தான். இப்போது கட்டும் அதே 9,200 ரூபாயை அதற்குக் கட்டினால் 22 மாதங்களில் நகை திரும்பிவிடும். கார்டிலேயே மாதம் 9,200 கட்டிக்கொண்டிருந்தால், இனி ஒரு ரூபாய்கூடத் தேய்க்காவிட்டாலும் 43 மாதங்களுக்கு மேல் ஆகும். ஆண்டு முடிவில் மொத்தமாகக் கட்டும் வகை நகைக் கடனை வாங்கிவிடாதீர்கள், அதில் நகை ஏலத்துக்குப் போனவர்களை நான் பார்த்திருக்கிறேன். மாதத் தவணை வகை என்று கேட்டு வாங்குங்கள். கார்டை அடைத்த அன்றே தீவனம் விற்கும் செயலியிலிருந்து அதன் எண்ணை நீக்கிவிடுங்கள்.

காப்பீட்டைப் பற்றி மகள் சொல்வது அக்கறையால்தான். ஆனால் இங்கே கிடைக்கும் செல்லப்பிராணிக் காப்பீடுகளில் பெரும்பாலானவை நாய்களுக்கானவை, அவற்றிலும் வயது வரம்பு உண்டு, ஏற்கெனவே இருக்கும் நோய்க்குப் பணம் கிடைக்காது. நான்கு பூனைகளும் ஒரு கிழ நாயும் இருக்கும் வீட்டுக்கு அது பொருந்தாது. கொழுந்தனாரின் 7,000 வந்து, நகைத் தவணை 9,200 போனால் மாதம் 2,300 ரூபாய் மிஞ்சும். அதைத் தனிச் சேமிப்புக் கணக்கில் போட்டுவந்தால் 22 மாதங்களில் 50,000 ரூபாயைத் தாண்டும். உங்கள் வீட்டுக் காப்பீடு அதுதான். பெரிய நோய் வந்தால் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போங்கள். காத்திருக்க வேண்டியிருக்கும், செலவு தனியார் மருத்துவமனையைவிட மிகக் குறைவு. வெறிநாய்த் தடுப்பூசியை மட்டும் எந்த மாதமும் தள்ளிப்போடாதீர்கள், மாநகராட்சி உரிமத்துக்கும் அந்தச் சான்று வேண்டும்.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். ஒரு வீடு எத்தனை பிராணிகளைத் தாங்கும் என்பதற்கு நான் இரண்டு கணக்குகள் வைத்திருக்கிறேன்: மாதச் செலவு, கைக்கு வரும் பணத்தில் ஆறில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது, ஒரே மாதத்தில் இரண்டுக்கு நோய் வந்தாலும் கடன் இல்லாமல் வைத்தியம் பார்க்க முடிய வேண்டும். இரண்டாவதை மிகை என்று எண்ணாதீர்கள். ஒரு நாயின் மேல் ஏறிய உண்ணி அதோடு நிற்பதில்லை, பூனைகளுக்கு வரும் தொற்றும் ஒன்றிலிருந்து நான்குக்கும் பரவும். உங்கள் வருமானத்தில் ஆறில் ஒரு பங்கு 13,000 ரூபாய். கொழுந்தனார் பணம் அனுப்பினால் உங்கள் கைச்செலவு 11,500 ஆகும். ஆகவே உங்கள் சம்பளம் தாங்குவது ஆறு பிராணிகள், ஏழாவது அவர் செலவில் இருக்கலாம். எட்டாவதுக்கு இடமில்லை. நாத்தனாரிடம் கார்டு நிலுவையை மறைக்காமல் சொல்லி, கோயம்புத்தூர் வீட்டு உரிமையாளரிடம் நாய்க்கு அனுமதி கேட்கச் சொல்லுங்கள். அவர் இன்னும் கேட்டுப் பார்க்கவே இல்லை என்றுதான் உங்கள் கடிதத்திலிருந்து தெரிகிறது.

யாரும் கொண்டுவந்து விடாமலே எண்ணிக்கை கூடும் வழி ஒன்றும் உங்கள் வீட்டில் இருக்கிறது. தாய்ப் பூனைக்கும் அதன் பெண் குட்டிகள் இரண்டுக்கும் இன்னும் கருத்தடை அறுவை செய்யவில்லை என்று கடைசி வரியில் எழுதியிருக்கிறீர்கள். பூனையின் சினைக்காலம் ஒன்பது வாரம்தான், குட்டிகள் ஐந்தாறு மாதத்திலேயே சினைக்குத் தயாராகிவிடும். நகைக் கடனுக்குப் போகும் அதே வாரத்தில் வேப்பேரியில் மூன்றுக்கும் நாள் குறித்து வாங்கிவிடுங்கள்.