முந்திரிக் கொல்லையில் விழுந்த பள்ளத்தை மண் கொட்டி மூடலாமா?

கேள்வி: கடலூர் கேப்பர் மலைச் சரிவில் எங்களுக்கு 2 ஏக்கர் முந்திரிக் கொல்லை இருக்கிறது. ஐப்பசி, கார்த்திகை மழையில் செம்மண் கரைந்து ஓடி, நடுவில் விழுந்த பள்ளம் இப்போது ஆள் இறங்கும் ஆழமாகிவிட்டது. மேட்டில் கூழாங்கல்தான் மிச்சம். ஏரி வண்டல் அடித்துப் பள்ளத்தை மூடிவிடலாமா?

பதில்: இப்போதைக்கு மூடாதீர்கள். கொட்டிய மண் இறுகாமல் பொலபொலவென்று கிடக்கும். அடுத்த பெருமழை முதலில் அதைத்தான் அடித்துக்கொண்டு போகும், உங்கள் டிராக்டர் வாடகையோடு சேர்த்து. பள்ளம் விழக் காரணம் பள்ளத்தில் இல்லை, அதற்கு மேலே உள்ள மேட்டில் இருக்கிறது.

உங்கள் கொல்லைக்கு அடியில் இருப்பது கருங்கல் அல்ல. புவியியலாளர்கள் ‘கடலூர் மணற்கல்’ என்று சொல்லும் படிவு அது. மனிதன் தோன்றுவதற்கு வெகுகாலம் முன்பே ஆறுகள் கொண்டுவந்து சேர்த்த மணலும் களியும் கூழாங்கல்லும்தான் அப்படி இறுகின. விழுப்புரம் மாவட்டத் திருவக்கரையில் கல்லாகிக் கிடக்கிற மரங்களும் இதே படிவில் புதைந்தவைதான்.

இந்தக் கல்லை மழையும் வெயிலும் வேரும் நின்ற இடத்திலேயே மெல்ல மெல்லச் சிதைக்கின்றன. மழைநீர் காற்றிலும் வேர்ப்பகுதியிலும் உள்ள கரியமில வாயுவைக் கரைத்துக்கொண்டு லேசான அமிலமாகிறது. அது பட்டுச் சில கனிமங்கள் களியாகின்றன, சுண்ணாம்புச் சத்து கரைந்து போகிறது, குவார்ட்ஸ் என்கிற கெட்டியான கனிமம் மணலாகவே தங்குகிறது. மிஞ்சிய இரும்பு துருப்பிடித்து ஒவ்வொரு மணலையும் பூசிக்கொள்கிறது. செம்மண்ணின் சிவப்பு அதுதான். இப்படி 1 செ.மீ. மண் உருவாகப் பல நூறு ஆண்டுகள் பிடிக்கும்.

அதை இழக்க ஒரு நாள் போதும். 2024 நவம்பர் 30-ல் கரை கடந்த ஃபெஞ்சல் புயலில் புதுச்சேரியில் ஒரே நாளில் 45 செ.மீ.க்கு மேல் கொட்டியது. வெறும் 10 செ.மீ. பெய்தாலே ஓர் ஏக்கரில் 4 லட்சம் லிட்டர் தண்ணீர் விழுகிறது. பெரிய மழைத்துளி நொடிக்கு 9 மீட்டர் வேகத்தில் வெறும் மண்ணில் மோதும்போது மண்கட்டி உடைகிறது. உடைந்த தூள் துளைகளை அடைத்து, மேலே மெழுகின மாதிரி ஓர் ஏடு படிந்துவிடுகிறது. அப்புறம் தண்ணீர் உள்ளே இறங்காது, ஓடத்தான் செய்யும். ஓட்டத்தின் வேகம் இரட்டித்தால் அதன் ஆற்றல் நான்கு மடங்காகும். களியும் மட்கும் முதலில் போகும், பிறகு மணல். நகர மறுத்த கூழாங்கல்தான் உங்கள் மேட்டில் தெரிகிறது.

ஆக, துளி மண்ணில் நேராக மோதாமல் பார்ப்பதுதான் முதல் வேலை. கொட்டை பொறுக்க மாசியில் மரத்தடியைக் கூட்டுவீர்கள், சரி. ஆனால் அந்தச் சருகைக் கொளுத்தாதீர்கள். ஓரமாகக் குவித்து வைத்து, ஐப்பசிக்கு முன் மரத்தடியில் பரப்பிவிடுங்கள். இதற்குச் செலவே இல்லை. இருந்தும் நம் பக்கத்தில் பலர் கொளுத்துவதைப் பார்க்க வேதனையாக இருக்கிறது.

அடுத்தது, சரிவுக்குக் குறுக்கே சம உயர வரப்பு, அதாவது நெடுகிலும் ஒரே மட்டத்தில் போகிற வரப்பு. கண் மதிப்பில் போடாதீர்கள். கொத்தனாரின் டியூப் லெவலை (தண்ணீர் நிரப்பிய கண்ணாடிக் குழாய்) வைத்து மட்டம் பாருங்கள். மட்டம் தப்பினால் தாழ்ந்த இடத்தில் உடைத்துக்கொண்டு புதுப் பள்ளம் விழும். மிகுந்த நீர் வழிய ஓரிடத்தில் கல் பரப்பி விடுங்கள். கரையில் வெட்டிவேர் நடலாம். பள்ளம் தொடங்குகிற மேல் முனையில் நீர் விழாமல் தனி வரப்பு போட்டுத் திருப்புங்கள். தண்ணீர் பக்கத்துக் கொல்லையிலிருந்து வந்தால் அவரையும் சேர்த்துக்கொண்டுதான் செய்ய வேண்டும்.

பள்ளத்துக்குள் மேலிருந்து கீழாகக் கல் தடுப்புகள் கட்டுங்கள். நடுப்பகுதி தாழ்வாக இருக்கட்டும், இரு முனையும் கரைக்குள் புதையட்டும். கீழ்த் தடுப்பின் நடுமட்டமும் மேல்தடுப்பின் அடிமட்டமும் ஒன்றாக வரவேண்டும். வருகிற மண் தடுப்புக்குப் பின்னால் தங்கி, பள்ளம் தானாகவே மேடேறும். ஆனால் ஆள் ஆழம் என்பதால், கட்டுமுன் வேளாண்மைப் பொறியியல் துறையினரை அழைத்து இடத்தைக் காட்டிவிடுங்கள்.

நம்பிக்கை வரவில்லையென்றால் ஆரோவில் போய்ப் பாருங்கள். 1968-ல் அது தொடங்கியபோது அந்தச் செம்மண் மேடு இப்படித்தான் அரித்துக் கிடந்தது. வரப்பும் தடுப்பணையும் மரமும்தான் அதைக் காடாக்கின.

வண்டல் வீணில்லை. வரப்பு ஒரு மழைக்காலம் தாங்கியபின், அனுமதி பெற்று எடுத்து, கூழாங்கல் தெரிகிற மேட்டில் மெல்லிசாகப் பரப்பிக் கொத்திக் கலந்துவிடுங்கள். அதற்கு முன் வண்டலையும் உங்கள் மண்ணையும் பரிசோதனைக்குக் கொடுத்துப் பார்ப்பது நல்லது.