முட்டிக்குக் காகிதம் இல்லை, பி.பி.க்கு இருக்கிறது

கேள்வி: நான் ராணுவத்தில் 24 வருடம் இருந்து, 2017 அக்டோபரில் ஹவில்தாராக ரிடையர் ஆனேன். ஊர் வேலூர் பக்கம். 2006இல் காஷ்மீர் குப்வாராவில் இரவு ரோந்து போனபோது பனியில் சறுக்கி விழுந்து வலது முட்டியில் அடி. அப்போது பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. இன்றைக்கு மாடிப்படி ஏற முடியவில்லை. 2013இல் செகந்திராபாத்தில் இருக்கும்போது பி.பி. என்று சொல்லி மெடிக்கல் கேட்டகரியை (உடல்தகுதித் தரத்தை) இறக்கினார்கள். வெளியே வரும்போது மெடிக்கல் போர்டில் அதற்கு 30 சதவீதம் போட்டு, ‘நானா’ என்றும் எழுதிவிட்டார்கள். அடுத்த வருடம் ரிக்கார்ட்ஸ் ஆபீஸிலிருந்து ‘தகுதியில்லை’ என்று கடிதம் வந்தது. பெட்டியில் போட்டுவிட்டேன். என்னோடு வந்த நண்பர் கேஸ் போட்டு இப்போது டிஸபிலிட்டி பென்ஷன் வாங்குகிறார். பி.பி.யை விடுங்கள், அது எனக்குத் தெரிவதுகூட இல்லை. முட்டிக்குக் கேட்கலாமா? மகன் பட்டாளத்தில் சேர முயற்சி செய்கிறான். நான் கேஸ் போட்டால் அவனுக்கு இடைஞ்சல் வரும், ஒரு வருடம் பொறுங்கள் என்கிறாள் மனைவி. இன்னொன்று: அண்ணன் மகன் நாயக்காக இருக்கிறான், இடுப்பு வலி. ரிடையர் ஆனபிறகு க்ளெய்ம் பண்ணிக்கொள்ளலாம் என்கிறான். சரியா?

பதில்: அன்புச் சகோதரருக்கு,

ஒரு வருடமெல்லாம் பொறுக்காதீர்கள். இந்த மாதமே ஆரம்பியுங்கள். கேட்க வேண்டியது பி.பி.க்கு. முட்டிக்குக் கேட்டால் கிடைப்பது கஷ்டம். படிக்க எரிச்சலாகத்தான் இருக்கும். வலிப்பது முட்டி, வலிக்காதது பி.பி. ஆனால் நான் கிளார்க்காகவே காலம் தள்ளியவன். அந்த மேஜையில் வலி பேசி நான் பார்த்ததில்லை, காகிதம் பேசித்தான் பார்த்திருக்கிறேன்.

முதலில் மகன் விஷயம். அப்பாவின் பென்ஷன் வழக்குக்கும் மகனின் தேர்வுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. அவன் ஓட வேண்டியதை ஓடி, எழுத வேண்டியதை எழுதினால் போதும். வீட்டில் சொல்லுங்கள்.

இப்போது பொறுத்தால் என்ன போகும் என்று பார்ப்போம். இந்தப் பென்ஷனைக் கேட்கும் உரிமை, இத்தனை வருடம் ஆகிவிட்டது என்பதற்காக அடியோடு செத்துப் போவதில்லை. மாதாமாதம் கிடைக்க வேண்டியது கிடைக்காமல் இருப்பதால், அது தொடர்ந்து நடக்கும் தவறு என்பது கோர்ட்டின் பார்வை. ஆனால் பழைய பாக்கி அப்படியல்ல. தர்சேம் சிங் என்ற வீரர் 1983இல் உடல்நிலை காரணமாக வெளியே அனுப்பப்பட்டவர். ஹைகோர்ட்டுக்குப் போனது 1999இல். முழு பாக்கியையும் கொடுக்கச் சொன்னது ஹைகோர்ட். 2008இல் சுப்ரீம் கோர்ட் அதை வெட்டி, வழக்குப் போட்ட நாளுக்கு முந்தைய மூன்று வருடத்துக்கு மட்டும் பாக்கி என்றது. தாமதமாக வருகிறவர்களிடம் இன்றும் நீட்டப்படும் தீர்ப்பு அது. அதாவது பெட்டியில் கடிதம் தூங்கும் ஒவ்வொரு மாதமும், பின்பக்கத்தில் ஒரு மாதப் பணம் உதிர்கிறது.

உங்கள் கணக்கைத் தோராயமாகப் போட்டுப் பார்த்தேன். 100 சதவீத ஊனத்துக்குக் கடைசிச் சம்பளத்தில் 30 சதவீதம், அதற்குக் கீழே விகிதப்படி. கடைசிச் சம்பளம் 45,000 என்று வைத்தால் முழு ஊனத்துக்கு 13,500. உங்கள் 30 சதவீதத்துக்கு 4,050. இதில் இன்னொன்று இருக்கிறது. 50க்குக் கீழே இருப்பதை 50 ஆக்கிக் கணக்கிடும் சலுகையை அரசு 1996 முதல், உடல்நிலையால் பாதியில் அனுப்பப்பட்டவர்களுக்கு மட்டும் வைத்திருந்தது. முழு சர்வீஸ் முடித்தவர்களுக்கும் அது உண்டு என்று ராம் அவதார் வழக்கில் 2014 டிசம்பர் 10 அன்று சுப்ரீம் கோர்ட் சொல்லிவிட்டது. அப்படியானால் மாதம் 6,750, அதற்கு மேல் அகவிலைப்படி. அகவிலைப்படியை விட்டாலும் வருடத்துக்கு 81,000. நீங்கள் வெளியே வந்து எட்டு வருடம் தாண்டிவிட்டது. மூன்று போக மீதி ஐந்து வருடம் ஏறக்குறைய கைவிட்டுப் போன கணக்கு. நாலு லட்சத்துக்கு மேல். இன்னும் ஒரு வருடம் பொறுத்தால் இன்னொரு 81,000.

சரி, ‘நானா’வுக்கு வருவோம். பட்டாளம் போகாத வாசகர்களுக்கு: நோய் சர்வீஸால் வந்ததும் இல்லை, சர்வீஸால் கூடியதும் இல்லை என்று மெடிக்கல் போர்டு முத்திரை குத்துவதற்குத்தான் இந்தச் செல்லப்பெயர். கேட்க நாகஸ்வர வித்வான் பெயர் மாதிரி இருக்கும், குடும்பத்தின் வயிற்றில் அடிக்கும். பி.பி., சர்க்கரை என்றால் பெரும்பாலும் பக்கத்திலேயே ஒரு வரி இருக்கும்: ‘நோய் பீஸ் ஏரியாவில் தொடங்கியது.’ செகந்திராபாத் பீஸ் ஸ்டேஷன், சண்டை அபாயம் இல்லாத அமைதியான இடம், அங்கே என்ன டென்ஷன் என்று அர்த்தம். பி.பி. என்ன ரயில் டிக்கெட்டா, ஏறின ஸ்டேஷனைப் பார்த்துச் சொல்ல? அதற்கு முன்னால் நீங்கள் குப்வாரா மாதிரி எந்த எந்த ஃபீல்டில் எத்தனை வருடம் கழித்தீர்கள் என்பதை அந்த வரி கேட்பதே இல்லை. அப்பீலில் நீங்கள் கேட்க வைக்க வேண்டும். டிஸ்சார்ஜ் புக்கை எடுத்து, சேர்ந்த நாளிலிருந்து 2013 வரை இருந்த இடங்களையும் தேதிகளையும் வரிசையாக எழுதுங்கள்.

அடுத்து உங்களுக்குக் கைகொடுக்க வேண்டியது தரம்வீர் சிங் வழக்கு. சிக்னல்ஸில் சிப்பாய். 1985இல் சேர்ந்தவரை 1994இல் வலிப்பு நோய் என்று அனுப்பினார்கள். 20 சதவீதம், சர்வீஸால் வந்ததில்லை, உடம்போடு பிறந்த கோளாறு என்று போர்டு எழுதியது. 2013 ஜூலையில் சுப்ரீம் கோர்ட் அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னது. சேரும்போது டாக்டர்கள் சோதித்துத்தானே எடுத்தீர்கள், அப்போது நோய் எதையும் குறிக்கவில்லை என்றால் நல்ல உடம்போடு வந்தார் என்றுதான் கொள்ள வேண்டும். அப்புறம் வந்த நோய்க்கும் சர்வீஸுக்கும் சம்பந்தம் இல்லை என்றால் அதைக் காட்டும் பொறுப்பு சர்க்காருடையது, காரணம் எழுதாமல் முத்திரை மட்டும் குத்தினால் போதாது என்றது. இதை வைத்து எல்லாரும் ஜெயிப்பதில்லை. பி.பி. வழக்குகள் இரண்டு பக்கமும் போயிருக்கின்றன. ஆனாலும் 1993இல் சேர்ந்து 2013 வரை 20 வருடம் கேட்டகரியில் குறையே இல்லாமல் இருந்தவர் நீங்கள். கேட்க உங்களுக்கு முகாந்திரம் இருக்கிறது.

நடைமுறை இது. உங்கள் ரிலீஸ் மெடிக்கல் போர்டு நடவடிக்கையின் நகலை ரிக்கார்ட்ஸிடம் எழுதிக் கேளுங்கள். பதில் வராவிட்டால் பத்து ரூபாய் போஸ்டல் ஆர்டர் வைத்துத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். போர்டு என்ன காரணம் எழுதியது என்று தெரியாமல் அப்பீல் எழுதுவது இருட்டில் ஃபயரிங் பண்ணுவது மாதிரி. நிராகரிப்புக் கடிதம் வந்த ஆறு மாதத்துக்குள் முதல் அப்பீல் போட்டிருக்க வேண்டும். நீங்கள் அதைத் தாண்டி வெகுதூரம் வந்துவிட்டீர்கள். கதை கட்டாமல், அப்பீல் உரிமை இருப்பது தெரியாது என்று உண்மையையே எழுதித் தாமதத்தை மன்னிக்கக் கேளுங்கள். அதுவும் தள்ளுபடி ஆனால் இரண்டாம் அப்பீல். அதன் பிறகு ராணுவத் தீர்ப்பாயம், உங்களுக்குச் சென்னையிலேயே பெஞ்ச் இருக்கிறது. அப்பீலுக்கு ஆறு மாதம் பதிலே வராவிட்டாலும் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். அந்த ஆறு மாதத்தைக் காலண்டரில் குறித்து வையுங்கள், மறுபடி பெட்டிக்குள் போய்விடப் போகிறது. மனு எழுதத் தெரியவில்லை என்றால் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்குப் போங்கள். ஜெயித்தால் பாக்கியில் பங்கு கொடு என்று டீக்கடையில் பேரம் பேசுகிறவர்களிடம் போகாதீர்கள்.

இப்போது முட்டி. அந்த ராத்திரி என்ன நடந்திருக்கும் என்று நீங்கள் சொல்லாமலே சொல்வேன். விழுந்தீர்கள், கூட வந்தவர் தூக்கிவிட்டார். போஸ்ட்டுக்கு வந்ததும் நர்ஸிங் அசிஸ்டென்ட் கிரேப் பேண்டேஜ் சுற்றி, இரண்டு மாத்திரை கையில் கொடுத்தார். மறுநாள் டியூட்டி. மூன்று நாள் நொண்டினீர்கள், நாலாம் நாள் மறந்தீர்கள். காயத்துக்கென்றே ஒரு ஃபாரம் உண்டு, இன்ஜுரி ரிப்போர்ட், ஐ.ஏ.எஃப்.ஒய். 2006. எப்போது, எங்கே, என்ன டியூட்டியில் அடிபட்டார் என்று கமாண்டிங் ஆபீசர் கையெழுத்தோடு இருக்கும். அந்த ஒரு தாள் இருந்திருந்தால் பி.பி.யைவிட உங்கள் முட்டிதான் பலமான கேஸ். வருடமும் 2006தான், ஃபாரமும் 2006தான், இரண்டும் சந்திக்கவில்லை. ராணுவ ஆஸ்பத்திரியில் எப்போதாவது முட்டிக்கு எக்ஸ்ரே எடுத்த சீட்டு, அட்மிட் ஆன குறிப்பு ஏதாவது இருந்தால் தேடிப் பாருங்கள். இருந்தால் எனக்கு எழுதுங்கள், வேறு பதில் சொல்கிறேன். கூட இருந்தவர்களின் வாக்குமூலம் மட்டும் வைத்து 20 வருடத்துக்கு முந்தைய அடியை நிரூபிப்பது பெரிய பாடு. அதையும் அப்பீலில் சேர்த்தால் நல்ல கேஸும் இழுபடும்.

ரிலீஸ் போர்டு அன்றாவது சொல்லியிருக்கலாம். அந்த ஃபாரத்தின் முதல் பகுதியே உங்களுடைய வாக்குமூலம்தான். என்னென்ன நோய், என்னென்ன காயம் என்று கேட்கும். எத்தனை பேர் அதில் ‘நில்’, அதாவது ஒன்றுமில்லை, என்று எழுதிக் கையெழுத்துப் போட்டதைப் பார்த்திருக்கிறேன் தெரியுமா? சட்டைப்பையில் ஊருக்கு டிக்கெட், வெளியே டிரங்குப் பெட்டிக்குப் பெயர் எழுதிப் பெயின்ட் காய்ந்துகொண்டிருக்கும். வலிக்கிறது என்று எழுதினால் இன்னும் பத்து நாள் ஆஸ்பத்திரி, ரிப்போர்ட் என்று இழுப்பார்களே என்ற அவசரம். நானும் என் போர்டில் காது விஷயத்தில் அப்படித்தான் எழுதினேன். இடது காதில் இன்றும் ரீங்காரம். என் மனைவி வலது பக்கம் உட்கார்ந்துதான் பேசுவாள்.

அதனால்தான் உங்கள் அண்ணன் மகன் சொல்வதைக் கேட்டதும் பதறுகிறது. அவனுக்குச் சொல்லுங்கள்: க்ளெய்ம் என்பது ரிடையர் ஆனபிறகு போடுவது என்று நினைக்கிறான், உண்மையில் அது யூனிட் டாக்டர் பார்க்கும் எம்.ஐ. ரூமில் முதல் தடவை இடுப்பு வலிக்கிறது என்று சொல்லி, டாக்டர் அதை எழுதும் நாளில் ஆரம்பிக்கிறது. ரிடையர் ஆனபிறகு போடுவது அந்த எழுத்தைத் தேடி எடுத்துக் காட்டும் வேலை மட்டும்தான். வெளியே வந்தபின் தலைகாட்டும் நோய்க்கும் கேட்க விதியில் இடம் உண்டு. ஆனால் அதன் வேர் சர்வீஸில் இருந்தது என்று மருத்துவ ரீதியாகக் காட்ட வேண்டும், அதற்கும் பழைய காகிதம்தான் வேண்டும்.

அவன் ஏன் மறைக்கிறான் என்பது எனக்குத் தெரியும். கேட்டகரி இறங்கினால் புரமோஷன் நிற்கும், கோர்ஸ் போகும், இரண்டு வருட நீட்டிப்பு கிடைக்காதோ என்ற பயம். வெறும் பயம் என்று தள்ள மாட்டேன். கேட்டகரியால் ஹவில்தார் ரேங்க்கைக் கோட்டைவிட்ட நாயக்குகளை எனக்குத் தெரியும். ஆனாலும் எடை போட்டுப் பார்த்தால் நான் எம்.ஐ. ரூம் பக்கம்தான் நிற்பேன். முதல் காரணம் இடுப்பே. மறைத்துக்கொண்டு லோடு தூக்கினால் டிஸ்க் நழுவி ஆபரேஷனில் முடியும், அப்போது புரமோஷனும் இருக்காது. இரண்டாவது, முதல் தடவை டாக்டரிடம் போன உடனே யாரும் கேட்டகரியை இறக்குவதில்லை. அடிபட்டு வந்த வலி என்றால் இன்ஜுரி ரிப்போர்ட் போட்டார்களா என்று யூனிட் கிளார்க்கிடம் கேட்டு ஒரு நகல் வாங்கி வைக்கட்டும். நகல் ஊரில் இருக்கட்டும், பாரக்கில் வேண்டாம். இன்னொன்று, 2023 செப்டம்பர் 21 முதல் புதிய விதிகள் வந்துவிட்டன. சர்வீஸ் முடித்து வருகிறவர்களுக்குக் கிடைப்பதன் பெயரே இப்போது ‘இம்பேர்மென்ட் ரிலீஃப்’. உங்கள் கணக்கை அவன் அப்படியே தன் கணக்காக எடுத்துக்கொள்ளக் கூடாது.

உங்கள் கடிதத்தில் எழுதாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், நம் ஊர்ப்பக்கம் எனக்குத் தெரியும். ‘நல்லா நடமாடுறான், ஊனம்னு பென்ஷன் வாங்குறான்’ என்று பேசுவார்கள். பேசட்டும். இல்லாததைக் கேட்டால்தான் தலைகுனிய வேண்டும். உங்கள் 30 சதவீதத்தை எழுதியது ராணுவ டாக்டர், நீங்கள் இல்லை.

பெட்டியைத் திறந்து அந்த நிராகரிப்புக் கடிதத்தை எடுங்கள். அடியில் சின்ன எழுத்தில் ‘ஆறு மாதத்துக்குள் மேல்முறையீடு செய்யலாம்’ என்று ஒரு வரி இருக்கிறதா, இல்லையா என்று பாருங்கள். தாமதத்துக்கு நீங்கள் எழுதும் காரணம் அந்த வரியைப் பொறுத்து மாறும். பார்த்துவிட்டு ஒரு போஸ்ட் கார்டு போடுங்கள்.