பிஎஸ்5, எக்ஸ்பொக்ஸ், நின்டென்டோ: இப்ப யார் முன்னுக்கு? இன்னும் ஒரு வருசம் பொறுத்தா விலை குறையுமா?

தம்பி, ரெண்டு கேள்விய ஒண்டாக் கேட்டிருக்கீங்க. கொன்சோல், அதாவது கேம் விளையாடுற மெசின், செய்யிற மூண்டு கொம்பனியில (பிஎஸ் எண்ட பிளேஸ்டேஷன் செய்யிற சொனி, எக்ஸ்பொக்ஸ் செய்யிற மைக்ரோசொஃப்ட், நின்டென்டோ) யார் ஜெயிக்கிறது, எக்ஸ்பொக்ஸ் கதை முடிஞ்சுதா எண்டது ஒண்டு. பிஎஸ்5 வாங்கக் காசு சேர்க்கிறன், இன்னும் ஒரு வருசம் பொறுத்தா விலை இறங்கும் தானே எண்டது மற்றது. ரெண்டாவதுக்கு முதல்ல சொல்றன். இறங்கும் எண்டு நம்பிக்கொண்டு இருக்க வேணாம். அது ஏன் எண்டு விளங்கினா முதல் கேள்விக்கான பதிலும் அதுக்குள்ளயே கிடக்கு.

நான் திருகோணமலையில என்சி ரோட் பக்கம் ரிப்பேர் கடை ஒண்டுல வேல செய்யிறன். ஃபோன் தான் கூட வரும், ஆனா கொன்சோல் ஏதும் வந்தா அது என்ட மேசைக்குத் தான் வரும், பிஎஸ்2 காலத்துல இருந்து அப்பிடித்தான். இந்த மெசின்கள்ல எனக்கு சரியான விருப்பம், அதால கொஞ்சம் நீட்டித்தான் எழுதுவன், பொறுத்துக்கொள்ளுங்க.

எங்கட ஊருக்கு கொன்சோல் எண்ட சாமான் உண்மையா வந்து சேர்ந்தது பிஎஸ்2 ஆல தான். அது அமெரிக்காவில 2000 ஒக்டோபர்ல வரேக்க 299 டொலர். அந்த நேரம் இங்க யுத்தம், யாருக்கு அந்தக் காசு இருந்தது. ஆனா அந்த விலை அப்பிடியே நிக்கேல்ல. 2002 இல 199 ஆச்சு, 2004 இல 149, பிறகு 129, கடைசியா 2009 ஏப்ரல்ல 99 டொலர். அடுத்த மாசம் யுத்தமும் முடிஞ்சுது. ரோட்டெல்லாம் திறந்து கொழும்பு பஸ் ஒழுங்கா ஓடத் தொடங்கினாப் பிறகு, வெளிநாட்டுல இருந்து வந்ததும் பம்பலப்பிட்டியில வாங்கினதும் எண்டு பிஎஸ்2 பெட்டி ஒவ்வொண்டா இங்க இறங்கிச்சு. ஒரு பழைய ரீவி, ரெண்டு கொன்ட்ரோலர், மணித்தியாலத்துக்கு இவ்வளவு எண்டு சின்னச் சின்ன கேம் கடைகள் வந்தது. கிரிக்கெட் 07, சான் அன்றியாஸ், ஃபுட்போல் கேம். பள்ளிக்கூடம் விட்டு வாற பெடியள் பேக்கோட வந்து வரிசையில நிப்பாங்க. அதெல்லாம் நடந்தது அந்த மெசின் வெளிவந்து ஒன்பது பத்து வருசத்துக்குப் பிறகு, அதத்தான் கவனிக்க வேணும்.

விற்பனைக் கணக்குலயும் இத அப்பிடியே பார்க்கலாம். பிஎஸ்2 மொத்தமா 16 கோடிக்கு மேல போச்சு எண்டு சொனி சொல்லுது, இண்டைக்கும் அதுதான் உலகத்துலயே கூட வித்த கொன்சோல். அதுல முதல் 10 கோடி 2005 நவம்பரோட போய்ட்டுது. மிச்ச 6 கோடி அதுக்குப் பிறகு, அதுல பெரும்பகுதி பிஎஸ்3 கடையில இருக்கேக்கயே போனது. 2013 தொடக்கத்துல தான் செய்யிறத நிப்பாட்டினாங்க. அந்தப் பிந்தி வந்த 6 கோடியும் யார் வாங்கினது? பிரேசில்ல, இந்தியாவில, எங்கட மாதிரி இடங்கள்ல, முதல் நாள் விலைக்கு ஒருக்காலும் வாங்கேலாத ஆக்கள் தான் அதுல நிறையப் பேர். மீன் சந்தையில பின்னேரம் விலை விழுந்தாப் பிறகு வாங்கப் போற சனம் மாதிரி எண்டு வைங்க, அந்தப் பின்னேர யாவாரம் தான் பிஎஸ்2 வ அவ்வளவு உசரத்துக்குக் கொண்டுபோனது.

விலை ஏன் அப்பிடி இறங்கிச்சு? சிப் செய்யிற முறை ரெண்டு மூண்டு வருசத்துக்கு ஒருக்கா சின்னதாகும். அதே சிப்ப சின்னதாச் செய்தா ஒரு தகட்டுல கூட எண்ணிக்கை வரும், சூடு குறையும், ஃபேன், பவர் சப்ளை எல்லாம் சின்னதாகும், பெட்டியும் மெலியும். பிஎஸ்2 வில பிரதான சிப்பும் கிராஃபிக்ஸ் சிப்பும் முதல்ல தனித்தனி, பிறகு வந்ததுல ரெண்டும் ஒரே துண்டு. பழசையும் புதுசையும் பக்கத்துல திறந்து வச்சுப் பார்த்தா ஆசையா இருக்கும், அவ்வளவு வேலை அதுக்குள்ள. கொம்பனிக்கு மெசின்ல லாபம் வரவேணும் எண்டும் இல்ல. மெசின அடிமாட்டு விலைக்குக் குடுத்துட்டு, விக்கிற ஒவ்வொரு கேம்லயும் பங்கு எடுப்பாங்க. எக்ஸ்பொக்ஸ் மெசின வித்து ஒருக்காலும் லாபம் கண்டதில்ல எண்டு 2021 இல ஒரு வழக்குல மைக்ரோசொஃப்ட் அதிகாரியே சாட்சி சொன்னாங்க. எப்ப மெசின் செய்யிற செலவு குறையுதோ அப்ப விலையக் குறைச்சு இன்னும் கொஞ்சப் பேர உள்ளுக்கு இழுக்கிறது, இதுதான் முப்பது வருசமா நடந்த ஆட்டம். பிஎஸ்3 கூட 2006 இல 499, 599 எண்டு வந்து எல்லாரையும் பயப்படுத்தி, 2009 இல ஸ்லிம் 299 க்கு வந்தாப் பிறகு தான் மூச்சு விட்டு, கடைசியில 8 கோடி 70 லட்சத்தத் தாண்டிச்சு.

இப்ப அந்த ஆட்டம் நிண்டுபோச்சு. பிஎஸ்5 2020 நவம்பர்ல டிஸ்க் உள்ளது 499 டொலர். 2022 இல அதே சிப்ப இன்னும் சின்னதாச் செய்தாங்க, முந்தின காலம் எண்டா விலை இறங்கியிருக்கும், ஆனா அதே வருசம் ஒகஸ்ட்ல ஐரோப்பா, ஜப்பான் எண்டு கனக்க இடத்துல விலையக் கூட்டினாங்க. 2025 ஒகஸ்ட்ல அமெரிக்காவிலயும் 549 ஆச்சு. பிஎஸ்5 ப்ரோ 2024 நவம்பர்ல வரேக்க 699, அதுவும் டிஸ்க் டிரைவ் இல்லாம. எக்ஸ்பொக்ஸ் சீரீஸ் எக்ஸ் 499 க்கு வந்தது, 2025 க்குள்ள ரெண்டு தரம் ஏறி 649. நின்டென்டோ ஸ்விட்ச் 2017 இல 299 க்கு வந்து எட்டு வருசம் ஒரு டொலரும் இறங்காம இருந்து, 2025 இல அமெரிக்காவில 339 ஆச்சு. எட்டு வருசப் பழைய மெசினுக்கு விலை ஏறுறது! கொன்சோல் சரித்திரத்துல முந்தி நான் காணாத விசயம் இது.

காரணம் ஒண்டு ரெண்டு இல்ல. புது முறையில சிப் செய்யிற செலவே இப்ப சரியான கூட, சின்னதாக்கினாலும் முந்தி மாதிரி மலிவாகிறது இல்ல. அமெரிக்காவில இறக்குமதி வரி கூடிச்சு. ஏஐ சேர்வர்களுக்கு மெமரி சிப் எல்லாம் அள்ளிக்கொண்டு போறதால 2025 கடைசியில இருந்து மெமரி விலை துள்ளி ஏறிச்சு, கொன்சோலுக்குள்ளயும் அதே மெமரி தான் இருக்கு. இதுக்கு மேல எங்களுக்கு ரூவாப் பிரச்சினை. 2022 க்கு முதல் டொலர் 200 ரூவா அளவுல இருந்தது 360 வரைக்கும் போய், பிறகு இறங்கியும் 2025 இல 300 க்குக் கிட்ட தான் நிண்டது. அங்க அதே விலையில இருந்தாலே எங்களுக்கு ஒண்டரை மடங்கு, அங்கயே ஏறினா கணக்குப் பாருங்க.

சரி, யார் முன்னுக்கு எண்டதுக்கு வருவம். பெட்டி எண்ணிக்கை மட்டும் பார்த்தா நின்டென்டோ. ஸ்விட்ச் 15 கோடிக்கு மேல வித்தது, அதுவும் அதுக்கு முதல் வந்த வீ யூ 1 கோடி 35 லட்சத்தோட படுத்துப்போன பிறகு. கையில கொண்டு போகவும் ரீவியில போடவும் ஏலும் எண்ட ஒரே யோசனையில எழும்பின கொம்பனி. ஸ்விட்ச் 2 2025 ஜூன் 5 இல வந்து நாலு நாளையில 35 லட்சம் போச்சு. ஆனா எங்கட ஊர்ல ஸ்விட்ச் கண்டது சரியான குறைவு. அவங்கட கேம் பழசானாலும் விலை இறங்காது, அதுதான் முக்கிய காரணம் எண்டு நினைக்கிறன்.

சொனி ரெண்டாவது எண்டாலும், வீட்டு ரீவிக்கான பெரிய மெசின் எண்டு பார்த்தா போட்டிக்கு ஆளில்ல. 2025 செப்டம்பர் வரைக்கும் பிஎஸ்5 8 கோடி 40 லட்சம் தாண்டிச்சு, பிஎஸ்4 அதே வயசுல இருந்ததுக்கு கிட்டத்தட்ட சமம். கேக்க நல்லாத்தான் இருக்கு. ஆனா 2024 இல சொனியே குடுத்த கணக்குல, மாசம் மாசம் விளையாடுற ஆக்கள்ல பாதிப்பேர் அப்பவும் பிஎஸ்4 ல தான் இருந்தாங்க. புதுசு வந்து மூண்டரை வருசத்துக்குப் பிறகும்! விலை இறங்கேல்ல எண்டா சனம் மாறாது, அவ்வளவுதான்.

எக்ஸ்பொக்ஸ் விசயம் தான் எனக்குக் கவலை. எக்ஸ்பொக்ஸ் 360 எண்ட மெசின் காலத்துல, பிஎஸ்3 வித்த சொனியோட தோளுக்குத் தோள் நிண்டவங்க, 8 கோடி 40 லட்சம் வித்தாங்க. சிவப்பு லைட் பிரச்சினை ஞாபகம் இருக்கா, சூடாகி ஆறி சூடாகி ஆறி சிப்புக்குள்ள இருக்கிற இணைப்புல கீறல் விழுறது, அதத் திருத்திக் குடுக்க 2007 இல 100 கோடி டொலருக்கு மேல ஒதுக்கினாங்க, அப்பிடி ஆக்கள விடாமப் பிடிச்சு வச்சிருந்தாங்க. விழுந்தது 2013 இல. அதுக்கு அடுத்த மெசின் எக்ஸ்பொக்ஸ் வன் அறிவிக்கேக்க ஒவ்வொரு நாளும் இன்டர்நெட்ல ஒருக்கா செக் பண்ணும், பழைய டிஸ்க் குடுக்கிறது வாங்கிறதுக்கு கட்டுப்பாடு எண்டாங்க, கெமராவோட சேர்த்து 499 எண்டாங்க. சொனி மேடையில ஏறி எங்கட்ட அப்பிடி ஒண்டும் இல்ல, விலை 399 எண்டு சொன்னோடன மண்டபமே கத்திச்சு. மைக்ரோசொஃப்ட் பிறகு கட்டுப்பாட்டை எடுத்தும் சனம் திரும்பி வரேல்ல. பிஎஸ்4 11 கோடி 70 லட்சம் போச்சு, மைக்ரோசொஃப்ட் 2015 இல இருந்து எத்தன மெசின் வித்தது எண்டு சொல்றதையே விட்டுட்டாங்க. 2024 ஏப்ரல் தொடக்கம் ஜூன் வரைக்கும் மெசின் வருமானம் முந்தின வருசத்த விட 42 வீதம் விழுந்தது.

அதுக்காக செத்துப்போச்சு எண்டு சொல்லேலாது. ஆக்டிவிஷன் பிளிஸார்ட் எண்ட கேம் கொம்பனிய 6,870 கோடி டொலர் பேசி 2023 ஒக்டோபர்ல வாங்கி முடிச்சவங்க, கோல் ஒஃப் டியூட்டி கேம் இப்ப அவங்கட. ஃபோர்ஸா, கியர்ஸ் எண்ட அவங்கட சொந்தக் கேம்களையும் இப்ப பிஎஸ்5 லயே விக்கிறாங்க. மெசின் விக்காட்டியும் கேம் விக்கும் எண்ட முடிவு. கொம்பனிக்கு அது சரியான வழியா இருக்கலாம், ஆனா வாங்கிறவனுக்கு நல்லதில்ல எண்டது என்ட கருத்து. 399 எண்டு சொனி அண்டைக்குச் சொன்னது பக்கத்துல 499 க்கு ஒருத்தன் நிண்டதால. பக்கத்துல ஆளில்லாட்டி ஏன் குறைக்கப் போறாங்க?

இனி உங்கட காசுக்கு வருவம். எங்களுக்கு முக்கியம் டிஸ்க் டிரைவ். பிளேஸ்டேஷன் ஒன்லைன் கடையில இலங்கை எண்ட நாடே இல்ல, எல்லாரும் வேற நாட்டு எக்கவுண்ட் திறந்து கார்ட் வாங்கிப் போட்டு தான் ஓட்டுறம். டிஸ்க் எண்டா இங்க உப்புவெளியில ஒருத்தர் முடிச்சத கிண்ணியாவில ஒருத்தர் வாங்குவார், முடிச்சிட்டு அவரும் விப்பார். டிஜிட்டல்ல, அதாவது டிஸ்க் இல்லாம டவுன்லோட் பண்ணி, வாங்கினது எக்கவுண்டோட கட்டுண்டு கிடக்கும். கொம்பனிகள் டிஸ்க்க மெல்ல மெல்ல கழட்டுறதும் விலை ஏத்துறதும் ஒரே திசை தான், ரெண்டும் பிந்தி வாங்கிற ஆக்களத் தான் வெளியில தள்ளுது. அதால கொஞ்சம் மலிவு எண்டு டிஸ்க் டிரைவ் இல்லாத டிஜிட்டல் மொடல எடுக்காதீங்க. ஸ்லிம் மொடல் எண்டா டிரைவ பிறகு வாங்கிப் பூட்டலாம், 2020 இல வந்த பழைய டிஜிட்டல்ல அது ஏலாது.

கத்தார், டுபாயில சொந்தக்காரர் யாரும் லீவுல வந்தா அவங்களிட்டச் சொல்லி எடுக்கிறது நல்லம், வொரன்ரி இங்க செல்லாது எண்டத மட்டும் யோசிச்சுக்கொள்ளுங்க. செக்கன்ட் ஹேண்ட் எண்டா கடல் கரையோட இருக்கிற வீட்டுல பாவிச்சதா எண்டு கேளுங்க, எங்கட உப்புக்காத்துக்கு எச்டிஎம்ஐ போர்ட்டும் உள்ளுக்குள்ள தகடும் துருப்பிடிச்சு வாறது நான் அடிக்கடி காண்றது. முன்னமே திறந்து பார்த்த மெசின் எண்டா யார் திறந்தது எண்டு விசாரிங்க, பிஎஸ்5 சிப்புக்கு மேல சூடு கடத்துறதுக்கு இருக்கிறது சாதாரண பேஸ்ட் இல்ல, திரவ உலோகம், தெரியாத ஆள் கழட்டினா அது வழிஞ்சு போர்ட்டையே முடிச்சிரும். வாங்க முதல் அரை மணித்தியாலமாவது பாரமான கேம் ஒண்டப் போட்டு ஓட விட்டு, ஃபேன் சத்தத்தக் கேளுங்க.

காசு எட்டேல்ல எண்டா நல்ல பிஎஸ்4 ஒண்டு எடுங்க, ஃபுட்போல் கேம், கிரிக்கெட், பழைய பெரிய கேம்கள் எல்லாம் மலிவு டிஸ்க்குல நிறைஞ்சு கிடக்கு. ஆனா ஜிடிஏ 6 தான் உங்கட கனவு எண்டா அது பிஎஸ்4 க்கு வராது, பிஎஸ்5 க்கும் எக்ஸ்பொக்ஸ் சீரீஸுக்கும் 2026 நவம்பர் 19 எண்டு அறிவிச்சிருக்காங்க. அந்த நேரம் நெருங்க நெருங்க பாவிச்ச பிஎஸ்5 கூட இங்க கை மாறாது, மாறினாலும் கேக்கிற விலை வேற. வாங்கிறது எண்டா அதுக்கு முதல் வாங்குங்க. பார்த்து வச்ச மெசின் ஏதும் இருந்தா மொடல் நம்பரையும் என்ன விலை சொல்றாங்க எண்டதையும் கீழ எழுதுங்க தம்பி, பார்த்துச் சொல்றன்.